ஆவுளியாவின் பிறப்புப் பத்திரம்



பிறப்புப் பத்திரத்தில் 'முனியம்மா', அடையாளக் கார்டில் 'முனிமா' என்றிருந்தால் என்ன பாடு படவேண்டும் என்பதை நம் தோட்டக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சேமநிதிப் பணம் வாங்கப் போனால், "இரண்டும் ஒரே ஆள்தானா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கடலில் புல் மேயும் ஒரு சாதுப் பிராணிக்கும் இந்தத் தொல்லை உண்டு.

மலாய்க்காரர்கள் அதை 'டூயோங்' என்பார்கள். ஜொகூரில் சீபு தீவையொட்டிய கடலில் அது இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாக் நீரிணை மீனவர்களுக்கு அது ஆவுளியா. புத்தகத் தமிழில் கடற்பசு. அது மீனல்ல, குட்டி போட்டுப் பால் கொடுப்பது.

ஊருக்கொரு பெயர் இருந்தாலும் உலகத்துக்கு ஒரே விஞ்ஞானப் பெயர்தான் வேண்டும். இதற்கான பஞ்சாயத்து, 1895-இல் அமைந்த அனைத்துலக விலங்குப் பெயரீட்டு ஆணையம். லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட நூலிலிருந்து கணக்கு தொடங்குகிறது. அதன்பின் முதலில் வைத்த பெயரே பொதுவாகச் செல்லும்.

1776-இல் முல்லர் என்பவர் 'டுகோன்' என்று எழுதினார். 1799-இல் லாசெப்பெட் அதன் இனப்பெயரை 'டுகோங்' என்றார். 1811-இல் இல்லிகர், கடற்கன்னி என்று பொருள்படும் 'ஹாலிகோரே' என்ற அழகான பெயரைச் சூட்டினார். பல நூல்களில் அது புழங்கியும், 12 ஆண்டு பிந்தியதால் நிலைக்கவில்லை. இன்று முழுப்பெயர் 'டுகோங் டுகோன்'. ஒரே சொல் இரண்டு விதமாக இருக்கிறது. ஆனாலும் பதிந்தது பதிந்ததுதான், திருத்தக் கூடாது.

உறவுக்காரப் பிராணியான மானட்டியின் வழக்கு இன்னும் சிக்கலானது. 1758-இல் லின்னேயஸ் அதற்கு 'ட்ரைகேகஸ்' என்று பெயரிட்டார். 1766-இல், உறவே இல்லாத தந்த நாயான வால்ரஸையும் அதே பெயரின்கீழ் சேர்த்தார். வெகுகாலம் வால்ரஸ் அந்தப் பெயரை அனுபவித்தது. முடிவில் மூத்த பதிவுப்படி பெயர் மானட்டிக்கே திரும்பியது. வால்ரஸுக்கு 'ஓடோபெனஸ்' என்ற பெயரை ஆணையம் அதிகாரப் பட்டியலில் ஏற்றியது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். எந்தப் பிராணியைப் பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று சட்டம் சொல்லும்போது விஞ்ஞானப் பெயரைக் குறித்தே சொல்கிறது. அதில் குழப்பமிருந்தால் தப்பிக்க வழி கிடைத்துவிடும். தமிழ்நாடு அரசு 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது.

பேரிங் கடலில் இன்னொரு பெரிய கடற்பசு இருந்தது. 1741-இல் ஸ்டெல்லர் அதைக் கண்டார். 1768-க்குள் வேட்டைக்காரர்கள் அதைத் தீர்த்துவிட்டார்கள். அதற்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது 1780-இல்தான். அப்போது அழைப்பதற்கு ஒன்றுகூட இல்லை.

ஆவுளியா இன்னும் இருக்கிறது. பெயரும் தெளிவாக இருக்கிறது. நம் பிள்ளைகளின் பத்திரங்களும் அப்படித்தான் இருக்கவேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை தகரப்பெட்டியைத் திறந்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.