இரண்டு வாளி நீர் போதும்

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெங்களூரு குடிநீர் வழங்கல் வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. வாகனம் கழுவுவதற்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்பது அதில் ஒரு பகுதி. அந்நகரம் அருந்தும் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொணரப்படுவது. ஆழ்துளைக் கிணறுகள் வற்றிய அந்தக் கோடையில் ஆணை மிகையானது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அதைச் சாக்காகக் கொண்டு வண்டியைக் கழுவாமலே விட்டுவிடுவது முறையாகுமா? ஆகாது என்பதே நமது கருத்து. விட்டுவிட வேண்டியது கழுவுதலை அன்று, குழாயைத்தான்.

கணக்கு எளிது. தோட்டத்துக் குழாய் ஒன்று நிமிடத்திற்குப் பத்து லிட்டர் நீரைத் தாராளமாகக் கொட்டும். பத்து நிமிடம் திறந்திருந்தால் 100 லிட்டர். நகரவாசி ஒருவருக்கு ஒரு நாள் முழுமைக்கும் நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள குடிநீர் அளவே 135 லிட்டர்தான். அதே வண்டியை இரண்டு வாளி நீரில், அதாவது முப்பது லிட்டருக்குள், குழாயை விடச் செம்மையாகக் கழுவிவிடலாம். ஒரு வாளியில் சோப்பு நீர். மற்றொன்றில் நல்ல நீர். மழைநீர் சேமிப்பு உள்ள வீடுகளில் அதையே எடுப்பது மிக நன்று. உப்புக் கலந்த கிணற்று நீர் காய்ந்தபின் டாங்கின் மீது விட்டுச்செல்லும் வெண்புள்ளிகளை மழைநீர் விடுவதில்லை. வீட்டு ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவு நீரை மட்கார்டின் அடியில் அப்பிய சேற்றைக் கரைக்கப் பயன்படுத்தலாம். இறுதி அலசலுக்கு அது வேண்டா.

வீட்டில் நேரமில்லாதோர் வாட்டர் சர்வீஸ் நிலையங்களை நாடுகின்றனர். அங்கே உயர் அழுத்தத்தில் பீய்ச்சப்படும் நீர் சேற்றை நொடியில் அகற்றுகிறது. கண்ணுக்கு இன்பமான காட்சிதான். ஆனால் அந்த வேகத்தில் நீர் சக்கரத்தின் பேரிங்கிற்குள் புகுந்து கிரீசைக் கழுவிக்கொண்டு போகவும் கூடும். 2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ்.-6 வண்டிகளில் எரிபொருளின் அளவைத் தீர்மானிப்பதே மின்னணுக் கருவிகள். அவற்றின் இணைப்புகள் மழையைத் தாங்கும். அரை அடி தொலைவிலிருந்து குறிபார்த்துப் பீய்ச்சும் நீரைத் தாங்குமென்று எதிர்பார்ப்பது பேராசை. பழைய கார்புரேட்டர் வண்டிக்குப் பொருந்திய வழக்கத்தை இன்றைய வண்டிக்கும் பொருத்துவது சரியன்று.

வீட்டில் கழுவுவோரும் சிலவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். அலுவலகத்திலிருந்து திரும்பிய சூட்டோடு எஞ்சின் மீது தண்ணீர் ஊற்றுவது முதல் தவறு. அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். துணி துவைக்கும் பொடியைக் கரைத்துத் தேய்ப்பது அடுத்தது. அழுக்கோடு வண்ணத்தின் மேலுள்ள பளபளப்பையும் அது மெல்ல மெல்ல எடுத்துவிடும். வாகனத்திற்கென விற்கும் ஷாம்பூ ஒரு மூடியளவு போதும். சைலன்சரின் வாயை ஒரு பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, நிழலில், மேலிருந்து கீழாகக் கழுவுவதே முறை. சக்கரத்தைத் துடைத்த துணி மறந்தும் டாங்கிற்குப் போகலாகாது. அதில் ஒட்டியிருக்கும் மணல் உப்புத்தாளின் வேலையைச் செய்துவிடும்.

இனி, நாம் வலியுறுத்த விரும்புவது உலர்த்துதல். நம் நாட்டில் வண்டி கழுவுவோர் பெரும்பாலும் பாதியில் எழுந்து போய்விடுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் தெருவெங்கும் இதைக் காணலாம்: கழுவி முடித்த கையோடு சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சாத்திவிடுவர், மாலைக்குக் கீழே நீர் சொட்டிக்கொண்டிருக்கும். வெயிலில் தானே காய்ந்துவிடும் என்பது நம்பிக்கை. வெளியே தெரியும் பகுதிகள் காய்வது உண்மை. நட்டுகளின் இடுக்கு, இருக்கையின் அடி, ஸ்டாண்டின் சுருள்வில், சாவித்துளை ஆகியவை காய்வதில்லை. துரு பிடிப்பது அங்கேதான். மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் அது இன்னும் விரைவாகப் பரவும்.

ஆகவே கழுவிய நேரத்தின் அளவுக்கேனும் துடைப்பதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். மைக்ரோபைபர் துணி இல்லையெனில் பழைய பனியன் துணியே போதும். இருக்கையைக் கழற்றி அடியில் தேங்கிய நீரை ஒற்றி எடுக்க வேண்டும். பின்னர் சைலன்சரின் பையை அகற்றி, திறந்த வெளியில் எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டால் அச்சூட்டில் இடுக்குகளின் ஈரம் வெளியேறும். ஈரம் முற்றும் நீங்குமுன் உறை போட்டு மூடுவது, மூடாமல் விடுவதினும் தீது. செயினுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். எஞ்சினை நிறுத்தியபின், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றியபடி துணியால் துடைத்து, நன்கு உலர்ந்த பின்னரே எண்ணெய் இட வேண்டும். ஈரத்தின் மீது இட்ட எண்ணெய் நிற்பதில்லை. எஞ்சின் ஓடும்போது சுழலும் செயினில் துணியைப் பிடிப்போர் விரல்களை இழக்க நேரிடும். இதை எத்துணை முறை சொன்னாலும் தகும்.

வங்கியின் இதழில் இதெல்லாம் எதற்கு என்று வாசகர் வினவலாம். கடனில் வாங்கிய வண்டிக்குத் தவணை முடியும்போது அதற்கு நல்ல விலை இருக்க வேண்டாமா? துரு, தேய்மானம், இயந்திரப் பழுது இவற்றுக்கு வழக்கமான காப்பீட்டுப் பாலிசி இழப்பீடு தருவதில்லை. அச்செலவு முழுவதும் உரிமையாளருடையதே. இன்னொன்றும் உண்டு. வண்டியை விற்று உரிமை மாற்றும்போது சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துத் தரும்படி கேட்பார்கள். ஹேண்டிலின் கழுத்தருகே பொறித்திருக்கும் அவ்வெண்ணைத் துரு அரித்திருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குப் பலமுறை நடக்க வேண்டியதுதான். துடைக்கும் துணி அவ்விடத்தையும் ஒருமுறை தொடட்டும்.

அடுக்ககச் சங்கங்களுக்கும் வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளாகத்தில் வண்டி கழுவலாகாது என்று பலகை மாட்டுவதைக் காட்டிலும், நீர் வடியும் ஒரு மூலையை ஒதுக்கி, வாளி மட்டுமே அனுமதி என்று விதிப்பது பயன் தரும். முன்னதால் எவரும் கழுவுவதை நிறுத்துவதில்லை; தெருவோர நிலையத்திற்குப் போய்ப் பன்மடங்கு நீரைச் செலவழிக்கிறார்கள்.

கழுவி முடித்து உடனே சாலையில் ஏறுவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நனைந்த பிரேக், குறிப்பாக டிரம் பிரேக், முதலில் சரியாகப் பிடிக்காது. தெருமுனை வரை மெதுவாகச் சென்று, இரு பிரேக்குகளையும் இலேசாக நாலைந்து முறை அழுத்தினால் அந்த உராய்வின் வெப்பத்திலேயே உலர்ந்துவிடும். பிடிப்பு திரும்பியது கைக்கும் காலுக்கும் தெரிந்த பின்னரே வேகம் கூட்டலாம்.