கழற்றிவிடும் நூலுக்கும் கூலி உண்டு

சாய்ந்தமருதில் தையல் வேலை செய்யும் பெண்கள் குழுவொன்றுடன் அண்மையில் அமர்ந்து பேசினோம். 2004 டிசம்பர் 26இல் கடலுக்கு வீட்டைப் பறிகொடுத்தவர்கள் அவர்களுள் சிலர். வேளாண்மைக் காணியை விட்டுவந்த குடும்பங்களின் பெண்கள் வேறு சிலர். தையல் கடைகளில் மிஞ்சும் துண்டுகளையும் மருதமுனைக் கைத்தறியின் வெட்டுகளையும் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து, ஒட்டுப் போர்வை தைக்கிறார்கள். முதற் போர்வையின் அடித்துணியில் மடிப்பு விழுந்துவிட்டது. வாங்க வந்தவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பல நாள் உழைப்பு வீணானது.

தவறு எங்கே நேர்ந்தது? தையலில் அல்ல, தையலுக்கு முந்திய வேலையில். வயலை மட்டப்படுத்தாமல் விதைத்தால் ஓரிடத்தில் தண்ணீர் தேங்கும், இன்னோரிடம் காய்ந்துபோகும். போர்வையும் அப்படித்தான். மேல்துணி, பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் அசையாமல் முதலில் பிணைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பசை ஸ்பிரே. வேலை விரைவாக முடியும். குழுவுக்கு உதவ வந்த ஒருவர் இதைத்தான் கொடுத்திருந்தார். ஆனால் அது தீப்பற்றக்கூடியது. சமையல் அடுப்பு எரியும் சிறிய வீட்டுக்குள் அடிக்கக் கூடாது, மூச்சுக்கும் ஆகாது. போத்தல் முடிந்தால் மறுபடியும் கையேந்த வேண்டும்.

இரண்டாவது, சட்டைப்பின். உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாகக் குத்த வேண்டும். மெஷினில் தைப்பவருக்கு இது நல்லது. ஊசி நெருங்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். ஆனால் கடற்கரைக் காற்றில் பின் துருப்பிடிக்கும். துருக்கறை துணியை விட்டு இலகுவில் போகாது. பின் குத்திய போர்வையை நாட்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது. பின்களை மூடியுள்ள போத்தலில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, நம் தாய்மார் அறிந்த நூலோட்டம். அடித்துணியை மற்ற இரண்டிலும் பார்க்க ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். அதன் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். துணி விறைப்பாக இருக்கலாம், இழுபடக் கூடாது. பஞ்சையும் மேல்துணியையும் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிவிடுங்கள். தையலும் நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போகட்டும். தையலின் நீளம் 2 அங்குலம், வரிசைக்கு வரிசை 4 அங்குலம் இருந்தால் போதும். வெள்ளை நூலே நல்லது, சாயம் ஒட்டாது. கைத்தறி வெட்டுகளை முதலிலேயே கழுவிச் சுருங்கவிடுங்கள்.

கையால் தைப்பவர்களுக்கு நூலோட்டமே ஏற்றது என்பது எமது கருத்து. நூல் மலிவானது, எந்தக் கடையிலும் கிடைக்கும். நான்கு பேர் நான்கு பக்கமும் அமர்ந்து செய்யலாம்.

இதிலும் சிரமம் இல்லாமலில்லை. நேரம் கூடப் போகும். முழங்கால் வலியுள்ள உம்மாமார் தரையில் குனிந்திருக்க முடியாது. அவர்களுக்கு இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. போர்வை முடிந்ததும் இந்த நூலை இழுத்து எறிந்துவிடுகிறோம். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யார் கூலி தருவார்? விலை போடும்போது குழுவின் கணக்குப் புத்தகத்தில் அந்த மணித்தியாலங்கள் எழுதப்படவே இல்லை. மடிப்பு விழுந்ததன் மூலகாரணம் இதுவே. கூலியில்லாத வேலையை எவரும் அவசரமாகத்தான் முடிப்பார்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1966இல் கறுப்பினப் பெண்கள் ஒட்டுப் போர்வைக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'ஃபிரீடம் குவில்டிங் பீ'. வாக்காளராகப் பதிந்த குற்றத்துக்காக நிலச் சொந்தக்காரரால் வெளியேற்றப்பட்ட குத்தகை விவசாயக் குடும்பங்கள் அந்தப் பகுதியில் இருந்தன. அந்தப் பெண்களின் போர்வைகள் நியூயோர்க்கில் ஏலத்தில் விற்கப்பட்டன. பின்னர் கூட்டுறவு 23 ஏக்கர் காணி வாங்கி, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கும் அதில் மனைகள் விற்றது. 2012இல் அது மூடப்பட்டது. ஆனாலும் உழைப்பைச் சேர்ந்து விலைபேசியவர்கள் காணிக்குச் சொந்தக்காரரானார்கள் என்பது நிலைத்த பாடம்.

எனவே சகோதரிகளே, எந்த முறை என்பதை மெஷின் தந்தவரோ பசை தந்தவரோ தீர்மானிக்க வேண்டாம். உங்கள் வீட்டின் இடம், உங்கள் கை, உங்கள் கடற்காற்று இவற்றைப் பார்த்து நீங்களே கூடித் தீர்மானியுங்கள். அடுத்த போர்வைக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது முதல் வரியில் நூலோட்டிய நேரத்தை எழுதுங்கள்.