மலையக வைத்தியசாலைகளை எட்ட வேண்டிய கருவி

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் குடியிருப்புகளை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இருக்கவில்லை, பெற்றோரும் இருக்கவில்லை. பலரது உடல்கள் இன்றுவரை மீட்கப்படவில்லை. அத்துயரத்தை ஆண்டுதோறும் நினைவுகூருகின்ற நாம், அதிலிருந்து கற்றுக்கொண்டது என்ன என்பதையும் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியவர்களாக இருக்கின்றோம்.

2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் அந்தக் கேள்வியை மீண்டும் எழுப்பியது. நாடெங்கும் 600 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகளால் வீதிகளும் ரயில் பாதைகளும் துண்டிக்கப்பட்டன. அதற்கு முன்னர், செப்டெம்பரில், எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் பலியாகினர். மலைநாட்டில் இத்தகைய அனர்த்தங்கள் நிகழ்கின்றபோது, காயமடைந்தவரை முதலில் பார்ப்பவர் பதுளை நகரின் விசேட வைத்திய நிபுணர் அல்லர். அருகிலுள்ள சிறிய பிரதேச வைத்தியசாலையில் கடமையிலிருக்கும் வைத்தியரே அவரை முதலில் பார்க்கின்றார். பல சமயங்களில் அவரது கையில் இருப்பது ஸ்டெதஸ்கோப்பும் இரத்த அழுத்தமானியும் மாத்திரமே.

இந்த இடத்திலேயே, கையடக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கான் கருவி நம் கவனத்துக்குரியதாகின்றது. கர்ப்பிணிகளின் வயிற்றில் குழந்தையைப் பார்ப்பதற்கான கருவியாகவே இதனைப் பெரும்பாலானோர் அறிவர். ஆயினும், இதே ஒலியலைகளைக் கொண்டு இதயத்தையும் நுரையீரலையும் நோயாளியின் கட்டிலருகிலேயே சில நிமிடங்களில் பரிசோதிக்க முடியும். மூச்சுவிடும்போது நுரையீரலின் மேலுறை நெஞ்சறையின் உட்சுவரோடு வழுக்கிச் செல்வது திரையில் தெரியும். மார்பில் அடிபட்டு, நுரையீரலைச் சூழ்ந்து காற்று அடைத்துக்கொண்டால் அந்த வழுக்கல் மறைந்துவிடும். அடைத்த காற்றை உரிய நேரத்தில் வெளியேற்றினால் நோயாளி பிழைப்பார். தாமதித்தால் வழியிலேயே இறக்கவும் கூடும். இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கியுள்ளதா, இதயம் போதிய வலுவுடன் துடிக்கின்றதா என்பதையும் இக்கருவி காட்டும். இதில் கதிர்வீச்சு இல்லை. மின்சாரம் தடைப்பட்டாலும் பற்றரியில் இயங்கும். அண்மைக்கால வகைகள் சில கைத்தொலைபேசியுடன் இணைத்தே பயன்படுத்தப்படுகின்றன.

இது புதிய பரீட்சார்த்த முயற்சியன்று. 1988 ஆம் ஆண்டு டிசம்பரில் ஆர்மேனியாவில் ஏற்பட்ட பூகம்பத்தின்போது, 72 மணித்தியாலங்களில் 400 காயமடைந்தோரின் வயிறும் சிறுநீரகங்களும் ஸ்கான் மூலம் பரிசோதிக்கப்பட்டன. 2008 இல் பிரான்ஸ் நாட்டு வைத்தியர் டானியல் லிக்டென்ஸ்டைன் வெளியிட்ட ஆய்வில், கடும் மூச்சுத் திணறலுடன் வந்த 260 நோயாளரில் சுமார் 90 வீதமானோரின் நோய்க் காரணத்தை நுரையீரல் ஸ்கானை அடிப்படையாகக் கொண்ட முறையால் சரியாக இனங்காண முடிந்தது.

அனர்த்த காலத்துக்கு மாத்திரம் உரிய தேவையாகவும் இதனைக் கருதிவிட முடியாது. நள்ளிரவில் மூச்சுத் திணறலுடன் கொண்டுவரப்படும் முதிய தொழிலாளிக்கு இருப்பது ஆஸ்துமாவா, இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கின்றதா என்பதை அறிவது அவசியம். இரண்டிற்கும் சிகிச்சை வேறு. டெங்கு நோயாளியின் நெஞ்சறையில் நீர் கசிவதை எக்ஸ்ரேயைவிட முன்னதாகவே ஸ்கான் காட்டிவிடும். 2017 இல் 186,000 க்கும் மேற்பட்டோரை டெங்கு பீடித்து, 400 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நாடு இது என்பதை நாம் மறந்துவிடலாகாது. நம் நாட்டுத் தாய்மாரின் மரணத்துக்கான முக்கிய காரணங்களுள் ஒன்றாக இதய நோய் இருந்து வருவதும் கவனத்திற் கொள்ளத்தக்கது. ஒரு ஸ்கானுக்காக ஒரு நாள் பேரை இழந்து, பஸ் ஏறி நகரத்துக்குச் செல்ல வேண்டிய தோட்டப் பெண்ணுக்கும், குருத்தலாவையிலோ சில்மியாபுரவிலோ உள்ள முஸ்லிம் விவசாயக் குடும்பத்துக்கும் இது பொதுவான தேவையாகும்.

எனினும் கருவி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது பெருந்தவறு. ஸ்கானில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக நோய் இல்லை என்றாகிவிடாது. பயிற்சியற்ற கையில் அது தவறான நம்பிக்கையையே அளிக்கும். ஒவ்வொரு வகைப் பரிசோதனையிலும் மேற்பார்வையின் கீழ் 25 முதல் 50 ஸ்கான்களையேனும் செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க அவசர மருத்துவர்களின் அமைப்பு வகுத்த அளவுகோலாகும். அனர்த்த காலங்களில் நமது பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் வர்த்தக சங்கங்களும் வாரி வழங்கத் தவறுவதில்லை. வைத்தியசாலைக்குக் கருவி வழங்க முன்வருவோர், அதனைக் கையாள்வோரின் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் சேர்த்தே உதவ வேண்டும். அலுமாரியில் பூட்டி வைக்கப்படும் கருவியால் எவருக்கும் பயனில்லை.

மீரியபெத்த நமக்குக் கற்பிக்கின்ற பாடமும் இதனோடு தொடர்புடையதே. மண்ணுள் புதையுண்டவர்களை எந்த ஸ்கானாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆனால், அந்த மலையின் நோய் முன்னரே அறியப்பட்டிருந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 ஆம் ஆண்டிலும் 2011 ஆம் ஆண்டிலும் அங்குள்ள ஆபத்தைச் சுட்டிக்காட்டியிருந்தது. போவதற்கு மாற்றுக் காணியோ வீடோ இல்லாத மக்கள், எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு அதே லயன்களிலேயே உறங்கினர். ஆபத்தை அறிந்திருந்தும் அதற்கேற்பச் செயற்பட வழியில்லாதபோது அந்த அறிவு எவரையும் காப்பாற்றுவதில்லை. வைத்தியத்துறையிலும் இதுவே உண்மை. இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கியிருப்பதைக் கண்டறிந்த வைத்தியருக்கு, பெரிய வைத்தியசாலையில் தொலைபேசியை எடுத்துப் பதிலளிக்க ஒருவரும், நோயாளியைக் கொண்டு செல்ல அம்பியூலன்ஸ் வண்டியும், வீதி துண்டிக்கப்பட்டால் மாற்று ஏற்பாடும் இல்லையெனில், திரையில் தெரிந்த உருவம் மரணத்துக்கான முன்னறிவித்தலாக மாத்திரமே அமையும்.

எனவே, ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களமும் மத்திய சுகாதார அமைச்சும் இவ்விடயத்தில் கூட்டாகச் செயற்பட வேண்டும். மண்சரிவு அபாயப் பிரதேசங்களுக்கு அண்மையிலுள்ள பிரதேச வைத்தியசாலைகளிலிருந்து இப்பணியை ஆரம்பிக்கலாம். கருவி, பயிற்சி, நிபுணரின் தொலைபேசி ஆலோசனை, நோயாளரை இடமாற்றும் ஒழுங்கு ஆகிய நான்கும் ஒரே திட்டத்தின் அங்கங்களாக இருத்தல் வேண்டும். தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பனிகளும் தமது பங்கிலிருந்து விலகி நிற்க முடியாது. மழை வரும் மாதங்கள் எவை என்பது நம் அனைவருக்கும் தெரியும். அடுத்த மழைக்கு முன்னர் இவ்வேற்பாடுகள் நடைமுறைக்கு வருமா என்பதற்கு, பொறுப்பு வாய்ந்தோர் தமது செயலால் பதிலளிக்க வேண்டும்.