கணினியில் பேசும் காலம் முடியவில்லை

2025 மே 5 அன்று மைக்ரோசாப்ட் நிறுவனம் ஸ்கைப் சேவையை மூடியது. அன்றிலிருந்து மலேசியாவின் சுங்கை பூலோவில், எங்கள் ஊரில், ஒரு கருத்து மறுபேச்சில்லாமல் உலவுகிறது. வீட்டுக் கணினியில் உட்கார்ந்து அழைத்துப் பேசும் காலம் போய்விட்டது, ஆளுக்கொரு கைப்பேசியும் அதில் வாட்ஸ்அப்பும் இருந்தால் போதும் என்கிறார்கள். கல்யாண வீட்டிலும் கோயில் அன்னதானப் பந்தியிலும் இதே தீர்ப்புதான். "கம்ப்யூட்டர்ல யாருண்ணே இப்போ பேசுறாங்க?" என்று கேட்பவர்கள் கூடவே மூன்று காரணங்களும் வைத்திருக்கிறார்கள்: பொருத்துவது சிரமம், லைன் தாங்காது, மோசடிக்காரன் உள்ளே வந்துவிடுவான். இந்தத் தீர்ப்பால் நஷ்டப்படுபவர்கள் பகலெல்லாம் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள். அதனால் இதைச் சும்மா விட எனக்கு மனமில்லை.

முதலில் ஸ்கைப். கணினி வழிப் பேச்சு ஸ்கைப்போடு பிறக்கவில்லை; அதோடு சாகவும் இல்லை. இஸ்ரேலின் வோக்கல்டெக் நிறுவனம் 1995லேயே இணையத் தொலைபேசி மென்பொருளை விற்றது. ஸ்வீடனின் நிக்லஸ் சென்ஸ்ட்ரோமும் டென்மார்க்கின் யானுஸ் ஃப்ரீஸும் எஸ்தோனிய நிரலாளர்களைக் கொண்டு ஸ்கைப்பை வெளியிட்டது 2003 ஆகஸ்டில். 2011இல் 850 கோடி டாலருக்கு அதை வாங்கிய மைக்ரோசாப்ட், கடைசியில் பயனர்களை டீம்ஸ் பக்கம் திருப்பிவிட்டுக் கடையைச் சாத்தியது. ஒரு நிறுவனம் தன் இரண்டு சரக்குகளில் ஒன்றை நிறுத்தியதற்கு அந்தத் தொழில்நுட்பமே ஓய்ந்தது என்று பொருள் கொள்வது தவறு. இதற்கிடையில் உலாவிக்குள்ளேயே பேசும் வசதி வந்துவிட்டது. கூகுள் 2011இல் திறந்துவிட்ட வெப்ஆர்டிசி, 2021 ஜனவரியில் இணையத்தின் முறையான தரமாகவே ஏற்கப்பட்டது. கூகுள் மீட், ஜிட்ஸி போன்றவை எதையும் நிறுவாமல் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ ஓடுகின்றன. வாட்ஸ்அப் கூட 2021 மார்ச்சில் கணினிச் செயலியில் குரல், காணொலி அழைப்புகளைக் கொடுத்துவிட்டது. ஸ்கைப்பில் சாதாரணத் தொலைபேசி எண்ணுக்கு மலிவாகப் பேச முடிந்ததே என்று வருந்துபவர்களுக்கு வைபர் அவுட் போன்ற சேவைகள் இருக்கின்றன.

கைப்பேசி போதும் என்பதுதான் இவர்களுடைய பெரிய வாதம். யாருக்குப் போதும்? காலையில் கே.டி.எம். நிலையத்துக்கும் எம்.ஆர்.டி.க்கும் கிளம்பும் மகனுக்கும் மருமகளுக்கும் போதும். அவர்கள் கிளம்பும்போது நல்ல கைப்பேசியும் அவர்களோடு கிளம்பிவிடுகிறது. வீட்டில் மிஞ்சுவது பாட்டியின் பொத்தான் போன், அல்லது பேரன் கழித்துப் போட்ட, மின்கலம் நிற்காத பழைய கருவி. கைப்பேசி தனி ஆளின் உடைமை. மேசைக் கணினியோ வீட்டுக்குச் சொந்தம். வைத்த இடத்தில் இருக்கும், மின்னேற்ற வேண்டியதில்லை, எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியதில்லை.

உடம்பையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கண்புரை அறுவை செய்த ஒருவருக்கு ஆறு அங்குலத் திரையில் நான்கு பேரப்பிள்ளைகளின் முகம் தனித்தனியாகத் தெரியாது. கை நடுங்குபவர் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு பேசினால் எதிர்முனைக்குத் தெரிவது நெற்றியும் காற்றாடியும்தான். காது மந்தமானவருக்குத் தேவை நல்ல ஹெட்செட். அதோடு, பேசுபவரின் உதடு பெரிதாகத் தெரிய வேண்டும். இதற்கெல்லாம் இருபத்திரண்டு அங்குலத் திரையும் நிலையாக நிற்கும் கேமராவும் செய்கிற உதவியைக் கைப்பேசி செய்யாது.

சுங்கை பூலோக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேறொரு காரணமும் உண்டு. 1930இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு நம் ஊரில்தான் இருக்கிறது. அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறவினரிடமும் தத்தெடுப்போரிடமும் கொடுத்தார்கள். எத்தனையோ பேர் பெற்றவர் குரலைக் கேட்காமலேயே வளர்ந்தார்கள். அந்த நோய் நரம்பைத் தாக்கும். உணர்விழந்த விரலுக்குத் தொடுதிரையைத் தொட்டோமா இல்லையா என்பதே தெரியாது. விசைப்பலகையின் பொத்தான் அமுங்குவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். நீரிழிவால் விரல் மரத்துப்போனவர்கள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கைப்பேசி போதும் என்று சொல்வது நியாயமே இல்லை.

2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது சுங்கை பூலோ மருத்துவமனை கோவிட் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. உள்ளே போனவரைக் குடும்பம் நேரில் பார்க்க முடியாது. படுக்கையில் இருப்பவருக்குக் கைப்பேசிதான் துணை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் காத்திருக்கும் ஏழெட்டுப் பேரும் ஒன்றாக உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்க்கப் பெரிய திரை வேண்டும்.

பொருத்துவது சிரமம் என்பது அடுத்த வாதம். நான் பொருத்திக் கொடுத்த வீடுகளில் தடுக்கியது எப்போதும் இரண்டு மூன்று இடங்கள்தான். வாட்ஸ்அப் செயலியை மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்து இறக்கி, கைப்பேசியில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய், கணினித் திரையில் தெரியும் கட்டக் குறியீட்டைப் படம்பிடித்தால் இணைப்பு முடிந்தது. ஒரு கணக்கில் இப்படி நான்கு சாதனங்களை இணைக்கலாம். அழைக்கும்போது கைப்பேசி அருகில் இருக்கத் தேவையில்லை. ஆனால் அதை 14 நாளுக்கு மேல் திறக்காமல் போட்டால் கணினியின் இணைப்பு அறுந்துவிடும்.

பிறகுதான் "சத்தமே வரலையே" என்ற புகார் வரும். பெரும்பாலும் குற்றவாளி எச்.டி.எம்.ஐ. கம்பிதான். அந்தக் கம்பியில் திரையை மாட்டியதும், விண்டோஸ் ஒலியையும் அந்தத் திரைக்கே அனுப்பத் தொடங்கும். திரையில் ஒலிபெருக்கி இல்லாவிட்டால் ஒன்றும் கேட்காது. கடிகாரத்துக்கு அருகிலுள்ள ஒலிக்குறியை அழுத்தி ஹெட்செட்டைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது. நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால் மைக் அனுமதியைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியில் ஓர் அனுமதி. உலாவியில் பேசினால் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இன்னோர் அனுமதி. இரண்டும் திறந்திருக்க வேண்டும். எதிரொலியைப் பற்றிப் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: தன் குரலே தனக்குத் திரும்பக் கேட்கிறது என்று புகார் சொல்பவரிடம் பெரும்பாலும் கோளாறு இருக்காது. மறுமுனையில் ஒலிபெருக்கியின் சத்தம் மைக்கில் புகுகிறது. அங்கே ஒருவர் ஹெட்செட் மாட்டிக்கொண்டால் நின்றுவிடும். புளூடூத் ஹெட்செட்டில் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் ஒலித்தரம் இறங்குவது வழக்கம். கம்பி வைத்த யூ.எஸ்.பி. ஹெட்செட் மலிவானதாக இருந்தாலும் இதில் மேல்.

வயதானவருக்கு இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. விவரம் தெரிந்த பிள்ளை ஒரு மாலை உட்கார்ந்து செய்துவைக்க வேண்டியது. தாத்தாவின் கணக்கிலேயே மீட் கூட்டம் ஒன்றை உருவாக்கி, அதன் இணைப்பைக் கணினியின் முகப்பில் பெரிய படக்குறியாக வைத்துவிட்டால், மாலை ஏழு மணிக்கு அவர் இரண்டு முறை சொடுக்கினாலே போதும். இரண்டு முனைகள் மட்டும் பேசினால் இலவசக் கணக்கிலேயே 24 மணி நேரம் வரை பேசலாம். மூன்று முனை சேர்ந்தால் 60 நிமிடம். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடம்தான்.

லைன் தாங்காது என்பவர்கள் இன்னும் 2001இல் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் இணைய இணைப்பின் காலத்தை மனத்தில் வைத்திருக்கிறார்கள். ஜூம் நிறுவனமே சொல்லும் கணக்கைப் பாருங்கள்: குரல் மட்டும் என்றால் நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட்; இருவர் பேசும் நல்ல காணொலிக்கு 600 கிலோபிட்; 720பி தெளிவுக்கு 1.2 மெகாபிட். கண்ணாடியிழை இணைப்பு உள்ள வீட்டில் இது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. தவிர, வீட்டில் கைப்பேசி பேசுவதும் அதே வைஃபையில்தானே? அது தாங்கும் இணைப்பு கணினியைத் தாங்காது என்பதில் தர்க்கம் இல்லை. குரல் வெட்டி வெட்டி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் வேகம் அல்ல. தரவுப் பொட்டலங்கள் சீராக வந்து சேராததுதான். ரௌட்டர் முன்வாசலில், பேசும் அறை இரண்டு கற்சுவர் தாண்டிப் பின்னால் என்றால் அப்படித்தான் ஆகும். இங்கேயும் கணினி பக்கமே சாதகம்: ரௌட்டரிலிருந்து நேராக ஈதர்நெட் கம்பியை இழுத்து மாட்டிவிடலாம். கைப்பேசிக்கு அந்த வசதி எளிதில் வாய்க்காது.

மோசடிப் பயத்தை மட்டும் நான் லேசாக ஒதுக்க மாட்டேன். அது உண்மையான பயம். ஆனால் போலீஸ் என்றும் வங்கி என்றும் நீதிமன்றம் என்றும் மிரட்டிப் பணம் பறிக்கும் 'மக்காவ் ஸ்கேம்' நம் பெரியவர்களைத் தேடி வருவது பெரும்பாலும் கைப்பேசி வழியாகத்தான். மோசடிக்கு அஞ்சிக் கணினியைத் தவிர்ப்பவர்கள் அந்தக் கைப்பேசியைக் கீழே வைப்பதில்லை. கணினிக்கே உரிய ஆபத்துகளும் உண்டு: திரையில் திடீரென முளைக்கும் போலி எச்சரிக்கை, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் சொல்லும் அந்நியன், அழைப்பின் நடுவே திரையைப் பகிரச் சொல்லி வங்கியின் ஒருமுறைக் கடவெண்ணைப் பார்த்துக்கொள்பவன். இவை மூன்றும் நம் கை அசைந்தால்தான் உள்ளே வர முடியும். தெரியாத எண்ணை எடுக்க வேண்டாம், குடும்பத்தார் அல்லாத எவருக்கும் திரையைப் பகிர வேண்டாம் என்று எழுதித் திரையோரம் ஒட்டுங்கள். கூடவே, பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 என்ற எண்ணையும். பேசாத நேரத்தில் கேமராவை மூடிவைக்க ஒரு துண்டு ஒட்டுக் காகிதம் போதும்.

எதிர்த்தரப்பு சொல்ல மறந்த ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போனால் ரௌட்டரும் கணினியும் சேர்ந்தே அணையும். வாட்ஸ்அப்பிலோ மீட்டிலோ அவசர உதவிக்கான 999ஐ அழைக்கவும் முடியாது. ஆகவே பாட்டியின் பொத்தான் போனைத் தூக்கிப் போட வேண்டாம். மின்னேற்றி, கணினி மேசையிலேயே வைத்திருங்கள்.