ஒலியை எப்போது சுருக்குவது?

1985இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ கேமின் மொத்த அளவு 40 கிலோபைட். நிரல், படம், இசை, சத்தம் எல்லாமே அதற்குள்தான். இன்று வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஒரு காலை வணக்கப் படம்கூட அதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த கேமின் இசை எங்கும் பதிவுசெய்து வைக்கப்படவில்லை. எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற குறிப்புகள் மட்டும் கார்ட்ரிட்ஜில் இருந்தன. கேமை ஓட்டும் கருவிக்குள் இருந்த சில்லு அவற்றை வாசித்தது. இசையமைத்த கொஜி கொண்டோவுக்கு அந்தக் கருவி கொடுத்தது ஐந்தே ஒலித்தடங்கள். மாரியோ குழாய்க்குள் இறங்கும்போதும், அடிபட்டுச் சிறுத்துப்போகும்போதும் கேட்பது ஒரே சத்தம். காட்சி மாறியதும் காது அதற்கு வேறு பொருள் கொடுத்துவிடுகிறது. இடப் பற்றாக்குறை அங்கே முதல் நாளிலிருந்தே இசையமைப்பாளரின் கூடவே உட்கார்ந்திருந்தது. இன்று சிறிய கேம் செய்யும் குழுக்கள் பலவும் தலைகீழாகப் போகின்றன. வேண்டியதையெல்லாம் சேர்த்துவிட்டு, கேம் வீங்கியபின் கடைசி நாளில் எல்லாக் கோப்புகளையும் அமுக்குகின்றன. இது தாமதமான வைத்தியம் என்பதே என் கருத்து.

கணக்கைப் பார்ப்போம். சிடி தரத்தில் நொடிக்கு 44,100 மாதிரிகள். ஒவ்வொன்றும் 16 பிட். இடம், வலம் என இரண்டு தடங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் என்றால், இரண்டு நிமிடப் பின்னணி இசை 20 மெகாபைட்டைத் தாண்டும். அதையே ஆக் வோர்பிஸ் வடிவில் நொடிக்கு 96 கிலோபிட் என்று மாற்றினால் ஒன்றரை மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். (எம்பி3 ஆகாதா என்றால், அது கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு மௌனத்தைச் சேர்த்துவிடும்; திரும்பத் திரும்ப ஓடும் இசையில் அந்தத் தையல் காதில் இடறும்.) பிரச்சினை தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் சுருங்கியது வந்து சேரும் மூட்டை மட்டுமே. பிரவுசரில் ஓடும் கேம் அந்தக் கோப்பை முழுதாகப் பிரித்து நினைவகத்தில் வைத்தால், ஒவ்வொரு மாதிரியும் 32 பிட்டாக விரிந்து, அதே இசை 40 மெகாபைட்டுக்கு மேல் இடம் பிடிக்கும். விலை குறைந்த கைப்பேசி திணறுவது இங்கேதான். கோப்பு வடிவத்தை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. இசையின் நீளத்தைக் குறைக்க வேண்டும், மோனோவே போதுமா என்று கேட்க வேண்டும், அல்லது சிறிது சிறிதாகப் படித்து வாசிக்கும்படி நிரலை அமைக்க வேண்டும். மூன்றுமே வடிவமைப்பின்போது எடுக்க வேண்டிய முடிவுகள்.

சேமிப்பகம்தான் மலிந்துவிட்டதே என்பார்கள். செய்பவரின் கணினியில் மலிந்தது உண்மை. ஆடுபவரின் கைப்பேசி நிரம்பி வழியும்போது குடும்பப் படங்களை யாரும் அழிப்பதில்லை. கேம்தான் முதலில் போகும். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2014இல் வந்த ‘டைட்டன்ஃபால்’ என்ற கேம் கணினியில் 48 ஜிபி பிடித்தது. அதில் 35 ஜிபி சுருக்கப்படாத ஒலி. சுருக்கிய ஒலியை உடனுக்குடன் பிரிக்கும் வேலை, திறன் குறைந்த இரட்டை மையச் செயலிகளுக்குச் சுமையாகிவிடும் என்பது உருவாக்கியவர்கள் சொன்ன காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அது ஒரே நேரத்தில் ஏராளமான ஒலிகள் முழங்கும் போர்க்களம். ஐந்தாறு ஒலிகள் ஓடும் சிறிய கேமுக்கு அந்த வாதத்தைக் கடன் வாங்குவது பொருந்தாது. அடிக்கடி வரும் குறுகிய சத்தங்களை, பிரிப்பதற்கு எளிதான ஏடிபிசிஎம் வடிவில் நான்கில் ஒரு பங்காக்கி வைக்கலாம். நீண்ட இசைக்கு மட்டும் வோர்பிஸ் போதும்.

தரம் போய்விடாதா? எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் போகும். மாதிரிகளை நொடிக்கு 22,050 ஆகக் குறைத்தால் சுமார் 11,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அதிர்வுகள் அறுபடும். கதவு மூடும் சத்தத்துக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. சலங்கையும் ஜால்ராவும் உயிரிழந்துவிடும். எதைக் குறைப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். மொத்தமாக அமுக்கும் மென்பொருளுக்கு அந்தக் காது கிடையாது. இருபது காலடிச் சத்தங்களுக்குப் பதில் நான்கைப் பதிவுசெய்து, ஒவ்வொரு முறையும் சுருதியையும் உரப்பையும் லேசாக மாற்றி ஒலிக்கவிட்டால் இடமும் மிஞ்சும், ஒரே சத்தம் சலிப்பதும் குறையும். நாணயம் எடுப்பது, குதிப்பது போன்றவற்றுக்குப் பதிவே தேவையில்லை. 2007இல் வந்த ‘எஸ்எஃப்எக்ஸ்ஆர்’ போன்ற கருவிகள் சில எண்களிலிருந்தே அவற்றை உருவாக்கித் தருகின்றன. படம், நிரல், இசை எல்லாம் சேர்த்து 13 கிலோபைட்டுக்குள் கேம் செய்யும் ‘ஜேஎஸ்13கே’ போட்டியில் 2012 முதல் ஆண்டுதோறும் பலர் இதைச் செய்து காட்டுகிறார்கள். அப்படிப் பிறக்கும் சத்தங்களுக்குப் பழைய கேம்களின் சாயல் இருக்கும் என்பதை மறுக்கவில்லை. கதைக்கு ஒட்டாத இடத்தில் பதிவுசெய்த ஒலியையே வைக்கட்டும்.

ஒலியமைப்பாளரைப் பாதி வேலை முடிந்தபின் அழைக்கும் வழக்கம் இருக்கும்வரை இந்தத் தேர்வுகளுக்கு இடமே கிடைக்காது. முதல் கூட்டத்திலேயே அவரிடம் இரண்டு எண்களைக் கொடுத்துவிடலாம்: ஒலிக்கு மொத்தம் எத்தனை மெகாபைட், ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள்.