பயிரிட்டவரும் கடத்தியவரும் ஒன்றல்ல

தமிழ்நாட்டில் கஞ்சா பிடிபடும்போதெல்லாம் ஆந்திர – ஒடிசா எல்லை மலைகளின் பெயர் செய்தியில் அடிபடுகிறது. பாடேரு, சிந்தப்பள்ளி வட்டாரங்களில் விளையும் ‘சீலாவதி’ ரகம் லாரியிலும் ரயிலிலும் தெற்கே வருகிறது. 2021 இறுதியில் ஆந்திரக் காவல் துறை ‘பரிவர்த்தனா’ என்ற நடவடிக்கையைத் தொடங்கி 7,000 ஏக்கருக்கும் மேற்பட்ட கஞ்சாத் தோட்டங்களை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சா எரிக்கப்பட்டது. எரிந்த சரக்கின் மதிப்பு எத்தனை நூறு கோடி என்று எல்லோரும் பேசினோம். அதை விதைத்தவர்கள் யார், அந்தக் கோடிகளில் அவர்கள் கைக்குப் போனது எவ்வளவு என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. வாழ்க்கையிலும் திரைக்கதையிலும் கஞ்சா பயிரிடுபவரை நாம் பார்க்கும் பார்வை பிழையானது. அந்தப் பிழை இருக்கும்வரை கஞ்சாவை ஒழிக்க முடியாது.

இந்த மலைகளில் பயிரிடுபவர்களில் பெரும்பாலோர் சிறு நிலம் வைத்திருக்கும் பழங்குடி மக்கள். மழையை நம்பிய கேழ்வரகும் மஞ்சளும்தான் அவர்களுடைய வழக்கமான வெள்ளாமை. விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோக நல்ல சாலை இல்லாத ஊர்கள் ஏராளம். அங்கே விதையும் முன்பணமும் கொண்டு வருபவர் வெளியூர் வியாபாரி. அப்படி வருபவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. விளைச்சலை வியாபாரியே தோட்டத்துக்கு வந்து, தான் சொல்லும் விலைக்கு எடுத்துக்கொள்கிறார். கேழ்வரகு வாங்க வராத சந்தை, கஞ்சாவுக்கு மட்டும் வாசலுக்கே வருகிறது. செடி மலையிறங்கி நகரத்தை அடைவதற்குள் விலை பல மடங்காகிறது. லாபம் முழுக்க வழியில் இருப்பவர்களுக்கு. தோட்டம் அழிக்கப்பட்டால் கடனும் வழக்கும் விதைத்தவருக்கு.

சட்டமும் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு பார்ப்பதில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், கஞ்சா வைத்திருப்பவரின் தண்டனை அளவைப் பொறுத்து மாறும். ஒரு கிலோ வரை என்றால் அதிகபட்சம் ஓராண்டு. 20 கிலோவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டுகள். சிறிய அளவுடன் பிடிபட்ட போதை அடிமை தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்தே விலக்குப் பெறவும் வழி உண்டு. மனிதநேயமுள்ள ஏற்பாடு அது. ஆனால், பயிரிடுபவருக்கு அப்படிப் படிநிலை கிடையாது. நான்கு செடி வளர்த்தவருக்கும் நான்கு ஏக்கர் வளர்த்தவருக்கும் உச்சத் தண்டனை ஒன்றே: 10 ஆண்டுக் கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். புகைத்தவர் திருந்த வழிவிடும் சட்டம், கடனுக்காக விதைத்தவர் அந்தத் தொழிலை விட்டு வெளியேற வழி வைக்கவில்லை.

நம் கதைகளும் இதே வழியில்தான் போகின்றன. போதைப்பொருளை மையமாக வைத்த படங்களில் கும்பல் தலைவனுக்குப் பெயரும் பின்னணி இசையும் ரசிகர்களும் கிடைக்கிறார்கள். 2013இல் வந்த மலையாளப் படம் ‘இடுக்கி கோல்ட்’, பள்ளிப் பருவத்தில் புகைத்த கஞ்சாவைத் தேடிப் போகும் நடுவயது நண்பர்களைப் பரிவோடு காட்டியது. அமெரிக்கத் தொடரான ‘வீட்ஸ்’, கணவனை இழந்து கஞ்சா விற்கும் புறநகர்ப் பெண்ணை எட்டுப் பருவங்களுக்கு நாயகியாக வைத்திருந்தது. பார்ப்பவரின் வர்க்கத்தைச் சேர்ந்தவர் தவறு செய்தால் அதற்குக் காரணம் தேடித் தருகிறது கதை. மலையில் விதைப்பவருக்கு அந்தச் சலுகையைத் தருவதில்லை. 2025இல் வெளியான ‘காட்டி’ என்ற படம் கிழக்குத் தொடர்ச்சி மலையில் கஞ்சா சுமப்பவர்களை முன்னால் நிறுத்தியது வரவேற்கத்தக்கது. ஆனாலும் அது பழிவாங்கும் கதையாகவே முடிந்தது. ஒரு குடும்பம் முன்பணம் வாங்கும் நாளையும் தோட்டம் அழிந்த மறுநாளையும் சொல்லும் கதை இன்னும் போதுமான அளவு வரவில்லை.

இப்படிப் பேசுவது கஞ்சாவுக்கே வக்காலத்து வாங்குவதாகும் என்று சிலர் சொல்லக்கூடும். பள்ளி வாசல் வரை வந்துவிட்ட போதையால் பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோரின் கோபம் முழுக்க நியாயமானது. அந்தக் கோபம் சரியான ஆளைச் சென்றடைய வேண்டும் என்பதே என் வாதம். தெரிந்தே செய்த குற்றம்தானே என்பது அடுத்த கேள்வி. தெரிந்தேதான் செய்கிறார்கள், குற்றம் குற்றமே. ஆனால், முதலீடு போட்டவரையும் அவரிடம் கடன்பட்டவரையும் ஒரே தட்டில் வைப்பது நீதியாகாது. நடைமுறையிலும் அது பயன் தராது. ஒரு விவசாயி சிறைக்குப் போனால், வியாபாரி அடுத்த ஊரில் இன்னொருவருக்கு முன்பணம் கொடுப்பார். பரிவோடு எழுதினால் பயிரிடுபவர்கள் நாயகர்களாகிவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. கும்பல் தலைவனை நாயகனாக்கியபோது வராத அச்சம் விவசாயியின் கடனைச் சொல்லும்போது மட்டும் வருவது சரியல்ல.

மாற்று வழி இருக்கிறது. அபின் விளைந்த வட தாய்லாந்து மலைகளில் 1969இல் தொடங்கிய அரச திட்டம், காபி, பழங்கள், காய்கறி ஆகியவற்றுக்குச் சந்தையை உருவாக்கிக் கொடுத்தது. அபின் தரும் கசகசாச் செடிகளை அழிக்கும் வேலை பெரிய அளவில் நடந்தது 1980களில்தான். இன்று அங்கே அபின் சாகுபடி ஏறக்குறைய இல்லை. நம் பக்கத்திலும் அதே கிழக்குத் தொடர்ச்சி மலையில் விளையும் அரக்கு காபிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிரிஜன் கூட்டுறவுக் கழகம் பழங்குடி விவசாயிகளிடம் நேரடியாகக் கொள்முதல் செய்கிறது. ஆனால், காபி காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை வீட்டுச் செலவுக்கு வழி செய்யாமல் செடியை மட்டும் வெட்டினால், அடுத்த பருவத்தில் வியாபாரியின் முன்பணமே வெல்லும். ஆகவே அரசுகள் தோட்டத்தை அழிக்கும் நாளிலேயே மாற்றுப் பயிருக்கான உதவித்தொகையும் கொள்முதல் உறுதியும் தர வேண்டும். தானே முன்வந்து சாகுபடியைக் கைவிடும் சிறு விவசாயிக்கு, சிகிச்சைக்கு வரும் போதை அடிமைக்குத் தருவது போன்ற விலக்கைச் சட்டம் தர வேண்டும். விசாரணை முன்பணம் கொடுத்தவரைத் தேடிச் செல்ல வேண்டும். அவர் பல நேரங்களில் நம் ஊர்க்காரராகவே இருப்பார்.