மருந்து ஒன்று, தீர்ப்பு இரண்டு!

ஒரு கிராம் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகைக்குள் அடங்கிவிடும். அதை நூறு கோடிக் கூறாக்குங்கள். அந்தக் கூறுகளில் ஒன்றுகூட முழுமையாக இல்லை! அவ்வளவே 2024 மார்ச்சில், டென்னிஸ் உலகின் முதல் வரிசை ஆட்டக்காரர்களில் ஒருவரான இத்தாலியர் யானிக் சின்னரின் சிறுநீரில், ஒரு மில்லி லிட்டருக்குள் கண்டெடுக்கப்பட்டது. மருந்தின் பெயர் குளோஸ்டெபால். தசையை வளர்க்கும் இனத்தைச் சேர்ந்தது, தடை செய்யப்பட்டது.

அந்தத் துளியினும் துளி எங்கிருந்து வந்தது? சின்னரின் உடற்பயிற்சியாளர் இத்தாலியில் ஒரு மருந்துக் கடையில் தெளிப்பு மருந்து ஒன்றை வாங்கினார். புண்ணுக்குத் தெளிப்பது. அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைப்பது. பெட்டியின் மேலேயே ஊக்கமருந்து எச்சரிக்கை அச்சிட்டு விற்பது. அமெரிக்காவில் இண்டியன் வெல்ஸ் பந்தயத்தின்போது, சின்னருக்கு உடம்பு பிடித்துவிடும் வல்லுநர் தம் விரலை வெட்டிக்கொண்டார். அந்த மருந்தைத் தெளித்துக்கொண்டார். கையுறை இல்லாமல் சின்னரின் உடலைத் தேய்த்தார். விரலிலிருந்து தோலுக்கு, தோலிலிருந்து இரத்தத்துக்கு, இரத்தத்திலிருந்து சோதனைச் சாலைக்கு! இதுவே சின்னர் தரப்பு சொன்ன விளக்கம்.

நம்பக்கூடியதா? நம்பக்கூடியதே. வல்லுநர்கள் மூவர் ஆராய்ந்து, இருக்கக்கூடும் என்றனர். 2024 ஆகஸ்டில் தனி நடுவர் மன்றம், சின்னர்மேல் குற்றமும் இல்லை, கவனக்குறைவும் இல்லை என்று தீர்ப்பளித்தது. இண்டியன் வெல்ஸில் பெற்ற 400 புள்ளிகளும் 325,000 டாலரும் பறிபோயின. அத்தோடு சரி. அடுத்த மாதமே அமெரிக்க ஓப்பன் பட்டத்தை அவர் வென்றார். சின்னர் மோசடிக்காரர் என்று நாம் சொல்லவில்லை. அந்த அளவு மருந்து, பந்தை ஓர் அங்குலம்கூட வேகமாகத் தள்ளியிராது.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. அதே இத்தாலியில் இன்னொருவர் இருக்கிறார். ஸ்டெஃபானோ பத்தாலினோ என்பது பெயர். கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இருக்க முடியாது. உலக வரிசையில் பல நூறு பேருக்குப் பின்னால் நின்றவர். வண்ணப் பலகைகளில் அவர் முகம் வந்ததில்லை. கைக்கடிகாரக் கம்பெனிகள் அவர் மணிக்கட்டைத் தேடி வந்ததில்லை. 2022இல் மொராக்கோ நாட்டில் ஒரு சிறு பந்தயத்தில் ஆடப் போனார். சோதித்தார்கள். என்ன மருந்து அகப்பட்டது? அதே குளோஸ்டெபால்! என்ன விளக்கம் சொன்னார்? பந்தயத்தில் உடம்பு பிடித்துவிட்டவரின் கையிலிருந்து வந்திருக்க வேண்டும் என்றார். அதே விளக்கம்! என்ன தீர்ப்பு கிடைத்தது? நான்கு ஆண்டுத் தடை!

லொசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தின் கதவையும் தட்டிப் பார்த்தார். கதவு திறந்தது, தீர்ப்பு மாறவில்லை.

ஏன் இந்த வேற்றுமை? கேட்டால், சட்டம் தெரிந்த கனவான்கள் அமைதியாகப் பதில் சொல்வார்கள். சின்னர் மூலத்தை மெய்ப்பித்தார், பத்தாலினோ மெய்ப்பிக்கவில்லை, சாட்சியம்தான் வேறு, சட்டம் ஒன்றுதான் என்பார்கள். உண்மைதான், மறுக்க மாட்டோம். மார்க்கோ போர்த்தோலோத்தி என்ற இன்னோர் இத்தாலிய ஆட்டக்காரர், சின்னரைப்போல் சிகரத்தில் நிற்காதவர், அதே மருந்தில் அகப்பட்டும் 2024இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஆகவே, பெயரைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுதினார்கள் என்று கூறுவது அவசரப் பேச்சு.

நமது கேள்வி வேறு. மெய்ப்பிப்பது எப்படி? அதைச் சொல்லுங்கள்!

இந்தச் சட்டத்தில் மருந்து உடலில் இருந்தாலே குற்றம். எப்படி வந்தது என்று காட்ட வேண்டியவர் அகப்பட்டவர்தான். சின்னரின் உடலைப் பிடித்தவர் யார்? சின்னரிடம் சம்பளம் வாங்கியவர். மருந்தை வாங்கியவர் யார்? அவரும் சின்னரிடம் சம்பளம் வாங்கியவர். கூப்பிட்டால் வருவார்கள், கேட்டால் சொல்வார்கள். பத்தாலினோவின் உடலைப் பிடித்தவரோ பந்தயக்காரர்கள் அமர்த்திய யாரோ ஒருவர். மொராக்கோவில் ஒரு வாரம் பார்த்த மனிதரை, மாதங்கள் கழித்து எங்கே தேடுவது? தேடிப் பிடித்தாலும், ‘ஆம், என் கையில் அந்த மருந்து இருந்தது’ என்று அவர் ஏன் வந்து சொல்ல வேண்டும்? சொந்தமாக ஒரு பரிவாரம் வைத்துக்கொள்ள வசதி உள்ளவருக்குச் சாட்சி வீட்டிலேயே இருக்கிறது. இல்லாதவருக்குச் சாட்சி கடல் கடந்து போய்விட்டது!

(பரிவாரம் பற்றிப் பேசுகையில் ஒன்று. அந்த இருவரையும் 2024 ஆகஸ்டில் சின்னர் விலக்கினார். மருந்து வாங்கிய பயிற்சியாளரை 2025 ஜூலையில் மறுபடியும் சேர்த்துக்கொண்டார். அவர் விருப்பம், நமக்கென்ன!)

இன்னொன்று, வேகம். சோதனையில் இவ்வகை மருந்து தெரிந்ததும் இடைக்காலத் தடை விழும். உடனே முறையிட்டு, காரணம் ஏற்கத்தக்கதே என்று நடுவரை நம்பவைத்தால் தடை நீங்கும். பெயரும் வெளியே வராது. 2024 ஏப்ரலில் சின்னருக்கு இருமுறை தடை விழுந்தது, இருமுறையும் சில நாட்களில் நீங்கியது. ஆகஸ்டு வரை ஊருக்கே தெரியாது. சில நாட்களில் வழக்கறிஞர், வல்லுநர், ஆவணம், வாக்குமூலம் எல்லாம் வந்து குவிய வேண்டுமென்றால், அதற்கு முன்பே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமல்லவா?

பணம் இருந்தாலே போதுமா என்றால், அதுவும் இல்லை. ருமேனியாவின் சிமோனா ஹாலெப்பைப் பாருங்கள். முதல் நிலையில் இருந்தவர்; 2018இல் பிரெஞ்சுப் பட்டமும் 2019இல் விம்பிள்டன் பட்டமும் வென்றவர். 2022 அமெரிக்க ஓப்பனில் ராக்ஸாடுஸ்டாட் என்ற மருந்து அகப்பட்டது. கலப்படமான சத்துப் பொருளால் வந்தது என்றார். அக்டோபரில் இடைக்காலத் தடை. தீர்ப்பு வர ஏறக்குறைய ஓராண்டு. வந்ததோ நான்கு ஆண்டுத் தடை. 2024 மார்ச்சில் லொசான் நீதிமன்றம் அதை ஒன்பது மாதமாகக் குறைத்தது. ஒன்பது மாதத் தண்டனைக்குப் பதினேழு மாதம் வெளியே இருந்தாகிவிட்டதே! மிச்சமான எட்டு மாதத்தை எந்தக் கருவூலத்தில் போய்ப் பெற்றுக்கொள்வது? 2025 பிப்ரவரியில் அவர் ஆட்டத்திலிருந்தே விடைபெற்றார். போலந்தின் இகா ஸ்வியாடெக் 2024இல் அகப்பட்டபோது, தூக்கத்துக்கு உண்ட மாத்திரையில் கலப்படம் என்பது சில வாரங்களில் மெய்ப்பிக்கப்பட்டது. ஒரு மாதத் தடை. ஆசியப் பந்தயங்கள் மூன்று போயின. நவம்பர் இறுதியில்தான் உலகுக்குத் தெரிந்தது. மருந்துகள் வேறு, வழக்குகள் வேறு. ஆனாலும் ஒருவருக்குச் சில வாரம், இன்னொருவருக்கு ஒன்றரை ஆண்டு என்றால், கடிகாரம் யார் கையில் என்று கேட்கத்தானே தோன்றும்?

சின்னரின் கதைக்கு வருவோம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் அந்த விடுதலையை ஏற்கவில்லை. பரிவாரத்தின் தவறுக்கு ஆட்டக்காரரே பொறுப்பு என்றது. ஓராண்டு முதல் ஈராண்டு வரை தடை வேண்டும் என்றது. 2024 செப்டம்பரில் மேல்முறையீடு செய்தது. 2025 ஏப்ரலில் விசாரணை நடக்கவிருந்தது. நடக்கவில்லை! பிப்ரவரியிலேயே இரு தரப்பும் உடன்பாடு செய்துகொண்டன. மூன்று மாதத் தடை: பிப்ரவரி 9 முதல் மே 4 வரை. ஜனவரியில் ஆஸ்திரேலியப் பட்டத்தை அவர் வென்றாகிவிட்டது. பிரெஞ்சுப் பந்தயம் மே இறுதியில். நான்கு பெரும் பந்தயங்களில் ஒன்றும் தவறவில்லை. தடை முடிந்த சில நாட்களில் அவருடைய தாய்நாட்டிலேயே ரோமாபுரிப் பந்தயம்! ஜூலையில் விம்பிள்டன் பட்டம்!

மோசடி நோக்கம் இல்லை, மருந்தால் பலனும் இல்லை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. அப்படியானால் ஓராண்டு கேட்டது ஏன்? ஓராண்டு கேட்பது நியாயம் என்றால் மூன்று மாதத்துக்கு இறங்கியது ஏன்? பேரம் பேசினால் குறையும் என்பது சந்தைக்குப் பொருந்தும். நீதிமன்ற வாசலில் அதற்கு என்ன வேலை? பெரும்பாலான ஆட்டக்காரர்கள் இதில் சலுகை இருப்பதாகவே கருதுகிறார்கள் என்று நோவக் ஜோகோவிச்சே வெளிப்படையாகச் சொன்னார். பொறாமை என்று தள்ளிவிட முடியுமா? இருபத்து நான்கு பெரும் பட்டங்கள் வென்றவருக்கு யாரிடம் பொறாமை?

சோதனையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சோதனை இல்லாவிட்டால் உழைத்து ஓடுபவன் பின்தங்குவான். ஊசி போட்டவன் முந்துவான். சோதிக்கட்டும், இன்னும் கூர்மையாகவே சோதிக்கட்டும். ஆனால், நூறு கோடியில் ஒரு பங்கைக் கண்டுபிடிக்கும் கருவியைச் செய்துகொண்டவர்கள், அந்தப் பங்கு வந்த வழியைத் தேடும் வேலையை மட்டும், வாடகை விடுதியில் தங்கி ஆடும் ஏழை ஆட்டக்காரன் தலையில் போடுவது என்ன முறை? குறைந்த வருவாய்க்காரருக்கு வழக்கறிஞரும் வல்லுநரும் பந்தயச் செலவிலேயே கிடைக்கட்டும். பந்தயக்காரர்கள் அமர்த்திய ஆள் தொட்டதால் வந்தது என்று ஒருவன் சொன்னால், அந்த ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் கடமை பந்தயக்காரர்களுடையதாகட்டும். இடைக்காலத் தடைக்கும் தீர்ப்புக்கும் நடுவே இத்தனை வாரம்தான் என்று எல்லை வகுக்கட்டும்.

பிரிட்டனின் தாரா மூர் என்ற வீராங்கனை 2022இல் கொலம்பியாவில் ஆடப்போய் அகப்பட்டார். அந்நாட்டு இறைச்சியால் வந்தது என்றார். தீர்ப்புக்காகப் பத்தொன்பது மாதம் காத்திருந்தார். குற்றமற்றவர் என்று 2023 டிசம்பரில் விடுவித்தார்கள். மேல்முறையீடு வந்தது. 2025 ஜூலையில் லொசான் நீதிமன்றம் அந்த விடுதலையைத் தள்ளி, நான்கு ஆண்டுத் தடை விதித்தது. அவர் சொன்னது உண்மையா, லொசான் கண்டது உண்மையா? அந்த வழக்குக்குள் நாம் நுழையவில்லை. சோதனைக்கும் இறுதித் தீர்ப்புக்கும் நடுவே ஓடியவை மூன்று ஆண்டுகளுக்கு மேல். உடன்பாடு பேச அவருக்கு எந்தப் பிப்ரவரியும் வரவில்லை.